கப்பலுக்கு முந்தின ராத்திரி

"கடல் எங்கேடி?" என்றாள் அம்மா. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், ஃபோர்ட் லாடர்டேலில் ஒரு ஹோட்டலின் பதினோராவது மாடி. ராத்திரி பத்தே முக்கால். அறை வெளிச்சம் கண்ணில் படாமல் இரண்டு கைகளையும் கண்ணோரம் குவித்துக்கொண்டு, ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை ஒட்டி நின்றிருந்தாள். வெளியே மை பூசினதுபோல ஒரே கறுப்பு. கண்ணாடியில் தெரிந்ததெல்லாம் எங்கள் அறைதான்: பிரிக்காத பெட்டிகள், ஷூவோடு தூங்கிப்போன மகன், கட்டில் விளிம்பில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்த அப்பா. "அங்கதாம்மா இருக்கு, காலைல தெரியும்" என்றேன். அந்தக் "காலைல தெரியும்" என்பதற்காக ஓர் அறைக்கு 140 டாலர் கூடுதலாகக் கொடுத்திருந்தேன். இரண்டு அறை, 280 டாலர்.

படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அட்டை இருந்தது. மார்ச் 1 முதல் அக்டோபர் 31 வரை கடலாமைகள் கரைக்கு வந்து முட்டையிடும் காலம், ராத்திரியில் பால்கனி விளக்கை அணைத்துத் திரையை மூடி வைக்கவும் என்று எழுதியிருந்தார்கள். குஞ்சுகள் பொரித்து வெளியே வரும்போது எந்தப் பக்கம் வெளிச்சமோ அதுதான் கடல் என்று நம்பி நகரும். கட்டட விளக்கு எரிந்தால் சாலைப் பக்கம் போய்ச் சாகும். அதனால் அந்தக் கரை முழுக்க வேண்டுமென்றே இருட்டாக வைத்திருக்கிறார்கள். நியாயம்தான். ஆக, கடலைப் பார்க்கக் காசு கொடுத்த அறையில் கடலைப் பார்க்காமல் திரையை இழுத்து மூடினேன். எட்டு வயது மகள் மட்டும் கீழே போயே ஆகணும் என்று அடம்பிடித்தாள். பத்து நிமிஷம் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு வந்தேன். அப்புறம் எல்லோரும் தூங்கிவிட்டோம்.

இது 2024 மார்ச்சில் நடந்தது. போன வருஷம் ஜூனில் இன்னொரு க்ரூஸ், அதாவது கப்பல் சுற்றுலா, போய்வந்தோம். இப்போது மூன்றாவதுக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. முன்னும் பின்னும் தங்கும் ஹோட்டலை முடிவுசெய்ய முடியாமல் மூன்று வாரமாக அதே இரண்டு இணையப் பக்கங்களைத் திறந்து திறந்து மூடுகிறேன். கப்பலில் எந்த அறை என்பதைப் பத்து நிமிஷத்தில் தீர்த்துவிட்டேன். இந்த இரண்டு ராத்திரிகள்தான் தீர மாட்டேன் என்கின்றன.

கப்பல் காத்திருக்காது

முதல் நாளே போய்த் தங்க வேண்டுமா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கப்பல் கிளம்பும் போர்ட் எவர்கிளேட்ஸ் துறைமுகம் ஃபோர்ட் லாடர்டேல் விமான நிலையத்திலிருந்து மூன்று கிலோமீட்டர்தான். அந்த மூன்று கிலோமீட்டரைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். காலையில் விமானம், பதினொன்றுக்கு இறங்கினால் பன்னிரண்டுக்குக் கப்பல் என்று கணக்குப் போடுகிறார்கள். எங்கள் விமானம் அன்றைக்கு மூன்று மணி நேரம் தாமதம். மாலை ஆறரைக்கு இறங்க வேண்டியவர்கள் ஒன்பதரைக்கு இறங்கினோம். அதே தாமதம் மறுநாள் காலையில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. பயணிகள் பட்டியலைப் புறப்படுவதற்கு முன்பே அதிகாரிகளுக்கு அனுப்பியாக வேண்டும் என்பதால், ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ முன்னதாக ஏற்றுவதை நிறுத்திவிடுவார்கள்.

"தவறவிட்டா என்ன, அடுத்த ஊர்ல போய் ஏறிக்கலாம்" என்று என் வீட்டுக்காரர் சொன்னார். எங்கள் கப்பல் மறுநாள் அதே ஃப்ளோரிடாவின் தென்கோடித் தீவான கீ வெஸ்ட்டில் நிற்கும். காரில் போனால் நாலு மணி நேரம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அமெரிக்காவில் 1886ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல், ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றின ஆளை இன்னோர் அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்கக் கூடாது. நடுவில் தொலைதூர அந்நியத் துறைமுகம் ஒன்றைத் தொட்டிருந்தால்தான் விலக்கு. பஹாமாஸும் மெக்சிகோவும் "தொலைதூரம்" கணக்கில் வராது. பெரிய க்ரூஸ் கப்பல்கள் ஏறக்குறைய எல்லாமே வெளிநாட்டுக் கொடிதான். ஃபோர்ட் லாடர்டேலில் ஏறி அங்கேயே இறங்கினால் தப்பில்லை. கீ வெஸ்ட்டில் ஏறி ஃபோர்ட் லாடர்டேலில் இறங்கினால் தப்பு. உள்நாட்டுக் கப்பல்களைக் காப்பாற்றப் போட்ட சட்டம், இப்போது தாமதமாக வந்த குடும்பத்தைக் கரையில் நிறுத்திவைக்கிறது. இதை அவருக்கு இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாவது தடவை, "சரி, முதல் நாளே போயிடுவோம்" என்றார்.

ஆக, முந்தின ராத்திரி என்பது ஒரு காப்பீடு. காப்பீட்டுக்கு எதற்குக் கடல் தெரியும் ஜன்னல்? இந்தக் கேள்வியை அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. விடுமுறை எடுத்தாகிவிட்டது, கப்பலுக்குக் கொடுத்தாகிவிட்டது, இதில் ஒரு ராத்திரிக்குக் கஞ்சத்தனமா என்று தோன்றியது. பெரிய செலவுக்குப் பக்கத்தில் வைத்தால் எந்தச் செலவும் சின்னதாகத்தான் தெரியும். ஹோட்டல்காரர்களுக்கு இது நம்மைவிட நன்றாகத் தெரியும்.

"கடலோரம்" என்றால் எவ்வளவு ஓரம்?

இந்த ஹோட்டல்களின் மொழியைப் படிக்கத் தனிப் பயிற்சி வேண்டும். கடலோர ஹோட்டல், கடல் பார்த்த அறை, கடல் தெரியும் அறை, கொஞ்சம் கடல் தெரியும் அறை, கடற்கரைக்கு வழியுள்ள ஹோட்டல். இவை ஐந்தும் ஐந்து பொருள். கடல் பார்த்த அறை என்றால் ஜன்னலுக்கு நேரே கடல். கடல் தெரியும் அறை என்றால் பால்கனியில் நின்று கழுத்தை இடப்பக்கம் திருப்ப வேண்டும். "கொஞ்சம்" என்று சேர்த்துவிட்டால் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே நீலக் கோடு ஒன்று இருக்கும், அது கடல் என்று யாராவது சொன்னால் நம்பலாம். இதற்கு மேல் ஃபோர்ட் லாடர்டேலுக்கென்று ஒரு விசேஷம் உண்டு. ஊரின் மையக் கடற்கரையில் ஹோட்டல்களுக்கும் மணலுக்கும் நடுவே ஏ1ஏ சாலை ஓடுகிறது. சாலைக்கு அந்தப் பக்கம் அலைபோல வளைந்த வெள்ளைச் சுவர், அதற்கப்புறம் மணல். கடற்கரை ஊருக்குப் பொதுவாக, திறந்து கிடக்கிறது. எனக்கு அது பிடித்திருந்தது. ஆனால் "கடலோரம்" என்று பதிவு செய்துவிட்டு, ஈரத் துணியோடு நாலு வயதுப் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு சிக்னலில் நிற்கும்போது அந்தச் சொல் கொஞ்சம் சுருங்கிப்போகிறது. சாலையைத் தாண்டாமல் நேராக மணலில் இறங்கும் ஹோட்டல்கள் அங்கே விரல்விட்டு எண்ணக் கூடியவைதான். வரைபடத்தில் ஹோட்டலுக்கும் கடலுக்கும் நடுவே கோடு ஓடுகிறதா என்று பார்த்தால் போதும். படங்களை நம்பக் கூடாது. படம் எடுப்பவர் சாலை தெரியாத மாதிரி எடுக்கப் பழகியவர்.

ஆறு பேர் குடும்பத்துக்கு இன்னொரு தலைவலி, அறைகள். பெரும்பாலான அறைகளில் நாலு பேருக்கு மேல் அனுமதியில்லை. அப்போது இரண்டு அறை எடுக்க வேண்டும். "பக்கத்துப் பக்கத்து அறை" என்று கேட்டு வாங்கினேன். கிடைத்தது. நடுவில் கதவு இல்லை. நடுக்கதவு வேண்டுமென்றால் அதைத் தனியாகச் சொல்லிக் கேட்க வேண்டும், கேட்டாலும் "முயற்சி செய்கிறோம்" என்றுதான் எழுதித் தருவார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அம்மா மாத்திரைப் பையைத் தேடி, நைட்டியோடு வராந்தாவுக்கு வந்து எங்கள் கதவைத் தட்டினாள். கடல் தெரிவதைவிட அந்தக் கதவு எவ்வளவு உசத்தி என்று அன்றைக்குப் புரிந்தது. அப்புறம் ரிசார்ட் கட்டணம். நாற்காலி, துண்டு, வைஃபை என்று சொல்லி ஒரு தொகையைக் கடைசிப் பக்கத்தில் சேர்த்தார்கள். நாங்கள் அந்த நாற்காலியில் ஒரு நிமிஷம்கூட உட்காரவில்லை. 2025 மே மாதத்திலிருந்து, கட்டாயக் கட்டணத்தையும் சேர்த்த தொகையைத்தான் முதலிலேயே காட்ட வேண்டும் என்று அங்கே மத்திய அரசின் விதி வந்துவிட்டது. கட்டணம் போய்விடவில்லை, ஒளிந்திருப்பது மட்டும் நின்றிருக்கிறது.

காலையில் கடல் தெரிந்தது, பொய் சொல்லக் கூடாது. கிழக்குக் கடல், மார்ச்சில் சூரியன் ஏழரை மணிக்கு மேலேறுகிறது. நாங்கள் திரையை விலக்கும்போது மணி எட்டு. அம்மா, "நல்லா இருக்கு" என்றாள். சொல்லிக்கொண்டே கடலுக்கு முதுகைக் காட்டி, அப்பாவின் சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். பதினொன்றுக்கும் பதினொன்றரைக்கும் நடுவே வரச் சொல்லி எங்களுக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். பத்தேகாலுக்குக் கிளம்பிவிட்டோம். பதினேழாம் தெருப் பாலத்தில் டாக்ஸி நின்றது. அது தூக்குப் பாலம், நீர்வழியிலிருந்து 55 அடி உயரம். அதைவிட உயரமான பாய்மரம் வந்தால், ஒவ்வொரு முழு மணிக்கும் அரைமணிக்கும் திறப்பார்கள். சரியாகப் பத்தரை. மணி ஒலிக்க, தடுப்பு இறங்க, எங்களுக்கு முன்னால் சாலை இரண்டாகப் பிளந்து வானத்தைப் பார்த்து எழுந்தது. தெற்கே துறைமுகத்தில் எங்கள் கப்பல், பத்து மாடிக் கட்டடங்களைப் பக்கவாட்டில் அடுக்கினதுபோல நின்றது. குழந்தைகள் கூச்சல் போட்டார்கள். கடல் தெரிந்த அறையில் அந்தக் கூச்சல் வரவே இல்லை என்பதையும் குறித்துக்கொண்டேன்.

எட்டே முக்கால் முதல் மூன்றே கால் வரை

கப்பலைப் பற்றி எழுதப் போவதில்லை. ஏழு நாள், நன்றாக இருந்தது. எனக்கு உறுத்துவது எட்டாவது நாள்.

போனவர்களுக்குத் தெரியும். கடைசி ராத்திரி பெட்டிகளில் எண் அட்டை கட்டி அறைக்கு வெளியே வைத்துவிட வேண்டும். விடிவதற்கு முன்பே கப்பல் துறையைப் பிடித்துவிடுகிறது. அதே நாள் சாயந்திரம் அடுத்த கூட்டத்தை ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டும், அதனால் நேற்றுவரை "இன்னும் கொஞ்சம் வேண்டுமா" என்று கேட்டுக்கேட்டுப் பரிமாறிய கப்பல், அன்று காலை நம்மை எப்போது வெளியே அனுப்பலாம் என்று பார்க்கிறது. குடிவரவில் முகத்தைக் கேமரா பார்த்தது, முடிந்தது. எட்டு மணி பத்து நிமிஷத்துக்கு வெளியே நின்றோம். எங்கள் விமானம் மறுநாள் காலை ஏழு மணிக்கு. வயதானவர்களை அதே நாளில் ஓடவைக்க வேண்டாம் என்று ஒரு ராத்திரி சேர்த்திருந்தேன். கடலோரத்துக்கு ஏற்கெனவே கொட்டியாகிவிட்டது என்று இதற்கு விமான நிலையத்துப் பக்கம் மலிவான ஹோட்டல். எட்டே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அறை மூன்று மணிக்குத்தான் என்று ரிசப்ஷனில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். கோபப்பட முடியாத சிரிப்பு. பள்ளி விடுமுறைக் கூட்டம், நேற்று தங்கினவர்களே இன்னும் காலி செய்யவில்லை. முன்கூட்டியே அறை கிடைக்குமா என்று கேட்டு நான் எழுதியிருந்த குறிப்பை அவளே திரையில் பார்த்தாள், "கேட்டிருக்கீங்க, ஆமா" என்றாள். அவ்வளவுதான். லாபியில் இரண்டு சோபா, காபி இயந்திரம், சத்தத்தை அணைத்த டிவி. ஒன்பது பெட்டிகளையும் சுவரோரம் அடுக்கினோம். நீச்சல் குளம் இருந்தது. நீச்சலுடைகள் எந்தப் பெட்டியில் என்பது யாருக்கும் நினைவில்லை, லாபியில் பெட்டியைப் பிரித்து எங்கள் அழுக்குத் துணியை ஊருக்குக் காட்ட அம்மா விடவில்லை. மகன் இரண்டு பெட்டிகளுக்கு மேல் குறுக்காகப் படுத்துத் தூங்கினான். அப்பா சோபாவில் நேராக உட்கார்ந்து, முழங்காலில் கை வைத்து, டிவியில் ஓடும் வானிலை வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினொன்று. பன்னிரண்டு. மனிதருக்கு எழுபத்திரண்டு வயது. "படுக்கணும்" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது எனக்கு.

ஒரு மணி சுமாருக்குக் கைப்பையிலிருந்து கப்பல் கம்பெனியின் உறையை எடுத்து, அதன் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். வேறு வேலையும் இல்லை. கடலோர அறையில் நாங்கள் இருந்தது பதினொன்றரை மணி நேரம். அதில் இருட்டும் தூக்கமும் போக, எட்டு முதல் பத்தேகால் வரை இரண்டேகால் மணி. காலைச் சாப்பாட்டுக்குக் கீழே போனது முக்கால் மணி. மிச்சம் ஒன்றரை மணி. அந்த ஒன்றரை மணியிலும் பெட்டி கட்டினோம். 280 டாலரை ஒன்றரையால் வகுத்தால் மணிக்குக் கிட்டத்தட்ட 187 டாலர். அதற்குக் கீழே ஒரு கோடு போட்டு, இந்த லாபியை எழுதினேன்: எட்டே முக்கால் முதல் மூன்று வரை, ஆறேகால் மணி நேரம். பட்டப்பகல், எல்லோரும் விழித்திருக்கிறோம், எங்கும் போக அவசரமில்லை, வெளியே வெயில். கடல் ஐந்தாறு கிலோமீட்டரில் இருக்கிறது. நாங்கள் வானிலை அறிக்கை பார்க்கிறோம்.

அம்மா எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் பின்பக்கக் கணக்குகள் பிடிக்கும். "அந்த ரூமை இன்னைக்குப் போட்டிருக்கக் கூடாதா?" என்றாள். குற்றம் சொல்லும் குரலே இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். எனக்குப் பதில் இல்லை. க்ரூஸுக்கு முன், பின் என்று இரண்டையும் ஒரே மாதிரி ராத்திரிகளாக நினைத்துவிட்டேன். முன்னது நிஜமாகவே ராத்திரி, படுக்க ஒரு கட்டில் போதும். பின்னது ஒரு முழுப் பகல். ஹோட்டல்காரர்கள் அதை ராத்திரிக் கணக்கில் விற்பதால் எனக்கும் ராத்திரியாகவே தெரிந்திருக்கிறது. மூன்றே காலுக்கு அறை கிடைத்தது. அப்பா ஷூவைக்கூடக் கழற்றாமல் படுத்தார்.

தலைகீழ்

அதனால் போன ஜூனில் எல்லாவற்றையும் மாற்றிப் போட்டேன். முந்தின ராத்திரிக்கு விமான நிலையத்துப் பக்கம், நடுக்கதவு உள்ள இரண்டு அறை, ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடம். பிந்தினதுக்குச் சாலை குறுக்கிடாமல் மணலிலேயே நிற்கும் ஹோட்டல், இரண்டு ராத்திரி. காலை ஒன்பது மணிக்கு வருவோம், அறை கேட்கவில்லை, பெட்டியை வைத்துக்கொண்டு குளத்தையும் நாற்காலியையும் உபயோகிக்க விடுவீர்களா என்று முன்னாலேயே ஃபோனில் கேட்டேன். தாராளமாக என்றார்கள். முந்தின ராத்திரியையும் சேர்த்துப் பதிவு செய்தால் காலையிலேயே அறை தயாராக இருக்கும் என்றொரு வழி உண்டு, ஆனால் காலையில்தான் வருவோம் என்று சொல்லிவைக்காவிட்டால் ஆள் வரவில்லை என்று பதிவையே ரத்து செய்துவிடுவார்கள். காலி அறைக்கு வாடகை கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. கடைசி ராத்திரி பெட்டிகளை வெளியே வைப்பதற்கு முன் ஆறு பேரின் நீச்சலுடை, மாத்திரை, தொப்பி எல்லாவற்றையும் ஒரே தோள்பையில் எடுத்து வைத்தேன். இந்தக் கட்டுரையில் யாருக்காவது உதவுகிற வரி ஒன்று இருந்தால் அது இதுதான்.

ஒன்பதரைக்கு அப்பா குடைக்குக் கீழே சாய்ந்து படுத்திருந்தார். பத்துக்குக் குறட்டை. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். கடல் அப்படியொன்றும் ஒத்துழைக்கவில்லை. ஜூனில் சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி கரை ஒதுங்குகிறது, முட்டை அழுகின மாதிரி வாடை. குழந்தைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குளத்துக்கு ஓடிவிட்டார்கள். ஏழு நாள் நாலு பக்கமும் தண்ணீரையே பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு இன்னும் கொஞ்சம் தண்ணீர் காட்டினால் என்ன பெரிய கிளர்ச்சி வரப்போகிறது என்பதும் உண்மை. அம்மா நாற்காலியின் இரண்டு கைப்பிடிகளையும் இறுகப் பிடித்திருந்தாள். "தரை ஆடுதுடி" என்றாள். கப்பலின் ஆட்டத்துக்குப் பழகின உடம்பு தரைக்குத் திரும்பப் பலருக்கு ஓரிரு நாள் ஆகும். "கண்ணை மூடினா நேத்து ராத்திரி மாதிரியே இருக்கு. நல்லாத்தான் இருக்கு, விடு" என்றாள்.

சாயந்திரம் நாலரை சுமாருக்குத் தெற்கே, முகத்துவாரத்து அடுக்குமாடிகளுக்குப் பின்னாலிருந்து ஒரு வெள்ளை முனை வெளியே வந்தது. வந்துகொண்டே இருந்தது. எங்கள் கப்பல். காலையில் எங்களை இறக்கிவிட்ட அதே புகைபோக்கி, அதே மேல்தளச் சறுக்கு. தளமெல்லாம் ஆட்கள். நாங்கள் போன வாரம் அதே இடத்தில் நின்று கரையைப் பார்த்துக் கையசைத்தவர்கள். கரையில் நிற்பது யார் என்று அப்போது யோசிக்கவில்லை. அம்மா எழுந்து நின்று, "நம்ம ரூம்ல இந்நேரம் யாரோ துணியை அடுக்கிட்டிருப்பாங்க" என்றாள். அந்த அலமாரியின் இரண்டாவது இழுப்பறை சரியாக மூடாது என்பதை யாராவது அவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று அப்பா நிஜமாகவே கவலைப்பட்டார்.

மறுநாள் முகத்துவாரத்துக்குத் தென்கரையில் இருக்கும் மாநிலப் பூங்காவுக்குப் போனோம். கப்பல்களைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம் என்று டாக்ஸி ஓட்டுநர் சொன்னார். பெயர்ப் பலகையில் இரண்டு பெயர்: டாக்டர் வான் டி. மிசெல், யூலா ஜான்சன். ஏன் இரண்டு பேர் என்று அப்பா கேட்டார், ஃபோனில் தேடிப் படித்துச் சொன்னேன். 1950களில் கறுப்பின மக்களுக்கென்று இந்த இடத்தை ஒதுக்கினார்கள். வந்துபோக ஒழுங்கான சாலைகூடப் போடவில்லை, படகில்தான் வர வேண்டும். 1961 ஜூலை 4 அன்று இந்த இருவரும் இன்னும் சிலரோடு ஃபோர்ட் லாடர்டேலின் வெள்ளையர் கடற்கரையில் போய்த் தண்ணீரில் இறங்கினார்கள். அந்தக் கோடை முழுக்க மறுபடி மறுபடி இறங்கினார்கள். அவர்களைத் தடுக்க நகராட்சி போட்ட வழக்கு 1962இல் தோற்றது. 2016இல் பூங்காவுக்கு அவர்கள் பெயரை வைத்தார்கள். அவர்கள் இறங்கின கடற்கரை, முதல் தடவை நாங்கள் சிக்னலில் நின்று அலுத்துக்கொண்ட அதே கரை. அப்புறம் கொஞ்ச நேரம் நான் அறை வாடகையைப் பற்றிப் பேசவில்லை.

இன்னும் இரண்டு பக்கங்கள்

இத்தோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். முன்னால் மலிவு, பின்னால் கடல். உறையின் பின்பக்கக் கணக்கும் அனுபவமும் ஒத்துப்போகின்றன. இந்த வருஷத்துக்கும் அப்படியே பதிவு செய்யப் போனேன். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த மகள், "மொதல் தடவை போன ஹோட்டல் வேணும்" என்றாள்.

எது, அந்த ஒன்றுமே தெரியாத ஜன்னலா என்றேன்.

"இல்லம்மா. ராத்திரி கீழ போனோமே. நம்ம கப்பல் நின்னுச்சே."

பத்து நிமிஷம் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு வந்தேன் என்று மேலே ஒரு வரியில் தாண்டினேன் அல்லவா, அது. கணக்குப் போட்ட உறையில் அந்தப் பத்து நிமிஷம் இல்லவே இல்லை, இருட்டும் தூக்கமும் என்று கழித்ததில் அதுவும் போய்விட்டது. விளக்கில்லாத மணல், காலுக்குச் சில்லென்று இருந்தது. அவள் செருப்பைக் கையில் வைத்திருந்தாள். அலை எங்கே என்பது சத்தத்தில்தான் தெரிந்தது. கண் பழகினதும், தூரத்தில் கடல் மேல் ஒரு வரிசை மஞ்சள் விளக்குகள். நகராமல் நின்றிருந்தன. "அதாம்மா நம்ம கப்பல்?" என்றாள். எனக்கு நல்ல களைப்பு. "ஆமா" என்றேன். காலையில் நமக்காக உள்ளே வரும், இப்போது தூங்குகிறது என்று ஏதோ சேர்த்துச் சொன்னேன். என் கையை விட்டுவிட்டு அதைப் பார்த்தபடியே நின்றாள். ஒருவேளை அது பத்து நிமிஷத்துக்கு மேலேயே இருந்திருக்கலாம்.

அது துறைமுகத்துக்குள் போக முறை வருவதற்காக நங்கூரம் போட்டிருந்த சரக்குக் கப்பல். அங்கே எந்த ராத்திரியும் இரண்டு மூன்று நிற்கும். இப்போது அவளுக்குப் பத்து வயதாகிறது, இரண்டு க்ரூஸ் போய்வந்தவள், கேட்டால் சொல்லிவிடலாம். அவள் கேட்கவில்லை.

விமான நிலையத்துப் பக்கம் இரண்டு அறை, நடுக்கதவோடு, போட்டு வைத்திருக்கிறேன். ஏ1ஏ சாலையில் அந்தப் பழைய ஹோட்டலிலும் அதே ராத்திரிக்கு இரண்டு அறை போட்டிருக்கிறேன், கடல் பக்கம், மேல்மாடி வேண்டாம், கீழ்மாடி போதும் என்று குறிப்பெழுதி. இரண்டையும் மூன்று நாளுக்கு முன்புவரை காசில்லாமல் ரத்து செய்யலாம். அம்மாவிடம் சொன்னேன். "எவ்வளவு அதிகம்?" என்றாள். சொன்னேன். "அவ தூங்காம இருக்கணுமே, விமானம் லேட்டாச்சுன்னா" என்றாள்.